வீட்டுக்காரம்மாவின் சம்மதம்

பிரிக்பீல்ட்ஸ்
21.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

புஷ்பவல்லி எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் சுகம்; என் சர்க்கரை என்னைவிடச் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

போனிலேயே பேசலாம்தான். ஆனால் முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காது உங்களுடையது. நான் "சாப்பிட்டீங்களா?" என்றால் "யாரு கூப்பிட்டாங்க?" என்பீர்கள். கூப்பிட்டது யார் என்று முடிவாவதற்குள் கால் மணி நேரம் போய்விடும், அதற்குள் எங்கள் ஆபீஸ் முழுக்க நம் குடும்பக் கதையைக் கேட்டுவிடும். வக்கீல் ஆபீஸ் கிளார்க்குக்கு ஊரார் கதை தெரியலாம், அவள் கதை ஊராருக்குத் தெரியக் கூடாது. அதனால்தான் கடிதம்.

சீதா அத்தையின் ஆறாவது வருடத் திதிக்கு வர முடியாமல் போய்விட்டது, மன்னியுங்கள். அன்று பார்த்து வாசு சாருக்கு ஷா ஆலத்தில் கேஸ். இருபத்தேழு வருடமாக அவரிடம் வேலை செய்கிறேன், இன்னும் தன் கறுப்புக் கோட்டு எங்கே என்று என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். படையலுக்கு என்ன வைத்தீர்கள்? பூச்சோங்கிலிருந்து விஜயன் அத்தான் வந்தாரா? என்னைக் கட்டிக்கொள்ளாமல் தப்பித்தவர் அவர். முப்பது வருடம் ஆகியும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதே நிம்மதியோடு சிரிக்கிறார்.

நேரத்துக்கு மாத்திரை போடுங்கள்.

உங்கள் தங்கை மகள்,
புஷ்பவல்லி

*

கிள்ளான்
5.3.2025

மருமகள் புஷ்பாவுக்கு ஆசிகள்.

முழங்கால் மழை வருவதை முன்கூட்டிச் சொல்கிறது. மற்றபடி சுகம். உன் சர்க்கரையைக் குறை.

விஜயன் திதிக்கு வரவில்லை. அடுத்த வாரம் வந்து, "வாங்கப்பா, கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடுவோம்" என்று ஷா ஆலத்துக்குக் கூட்டிப்போனான். அந்தக் கண் டாக்டர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்குக் கேட்கவில்லை என்று ஒரு தமிழ்ப் பொண்ணை என் காதருகே நிறுத்திக் கத்தச் சொன்னார்கள். நல்ல பொண்ணு. வேலை பெர்மிட்டில் சென்னையிலிருந்து வந்து நாலு மாதமாம்.

நேற்று மோட்டாரில் ஒருவன் வந்து ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போனான். பாதி மலாய், பாதி இங்கிலீஷ். கமிட்டி என்று இருக்கிறது, எஸ்டேட் என்று இருக்கிறது. என் பெயரும் விஜயன் பெயரும் இருக்கின்றன. நான் எஸ்டேட்டை விட்டு வந்து ஐம்பத்தெட்டு வருடம் ஆகிறது. அந்த ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டி வரிசை வீடு கட்டிவிட்டார்கள். இப்போது என்னை எந்த எஸ்டேட்டுக்குக் கமிட்டியில் போடுகிறார்கள்? கோவில் கமிட்டியாக இருந்தால் தலைவர் பதவி வேண்டாம், பொருளாளர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன் அத்தைக்கு இந்த மாதம் இருமல் குறைந்திருக்கிறது. மத்தியானம் மழைக்கு முன்னால் கொடியிலிருந்து துணியை எடுத்து மடித்து வைத்துவிடுகிறாள். நான் எடுத்தால் கசக்கிவிடுகிறேன் என்று அவளுக்குக் கோபம்.

உன் மாமா,
பரமேஸ்வரன்

*

பிரிக்பீல்ட்ஸ்
8.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அது ரப்பர் எஸ்டேட் இல்லை. சட்டத்தில் எஸ்டேட் என்றால் ஒருவருடைய சொத்து. கமிட்டி என்றாலும் நம் கோவில் கமிட்டி மாதிரி பத்துப் பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சண்டை போடுவது இல்லை, ஒரே ஆளாகவும் இருக்கலாம். ஒருவருக்குப் புத்தி சரியில்லை, தன்னையும் தன் சொத்தையும் கவனித்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் முடிவு செய்தால், அவருக்குப் பதிலாக முடிவெடுக்க ஓர் ஆளை நியமிக்கும். அந்த ஆள்தான் கமிட்டி. உங்களுக்குத் தன்னை அப்படி நியமிக்கச் சொல்லி விஜயன் அத்தான் மனுப் போட்டிருக்கிறார். கிடைத்துவிட்டால் வீட்டை விற்க அவர் அனுமதி கேட்கலாம். உங்களை எந்த முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்பதையும் அவரே சொல்லலாம். அதன் பிறகு உங்கள் கையெழுத்து வெறும் கிறுக்கல்தான்.

நீங்கள் எழுதியதை வாசு சாரிடம் சொன்னேன். "வயசானா புத்தி போயிடும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல லா. நிரூபிக்க வேண்டியது மகன்தான். நாம எதிர்த்து நிப்போம்" என்றார். அந்தக் கட்டில் டாக்டர் ரிப்போர்ட் இருக்கும். போட்டோஸ்டேட் எடுத்து அனுப்புங்கள்.

அத்தையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஏதோ பழைய கடிதம் கைதவறி உறைக்குள் வந்துவிட்டதோ என்று தேதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

புஷ்பவல்லி

*

கிள்ளான்
15.3.2025

மருமகள் புஷ்பாவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்திருக்க நேரமாயிற்று.

ரிப்போர்ட் இத்துடன் இருக்கிறது. விஜயனைத் திட்டாதே. போன வருடம் நான் குளியலறையில் விழுந்ததிலிருந்து அவனுக்குப் பயம். வீட்டை விற்றுவிட்டு நல்ல இல்லமாகப் பார்ப்போம் என்றான். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சாப்பாட்டில் கை வைத்தவன் அப்படியே எழுந்து போய்விட்டான்.

தேதி சரிதான், பழைய கடிதம் இல்லை. பேயைப் பார்க்கிற ஆள் நான் இல்லை, அவளை நான் பார்ப்பதும் இல்லை. அவள் இருக்கிறாள், அவ்வளவுதான். நான் முன்னறையில் இருந்தால் அவள் பின்கட்டில் இருக்கிறாள். சட்டியை நகர்த்துகிற சத்தம் கேட்கிறது. உன் சத்தம் கேட்காத இந்தக் காதுக்கு அது கேட்கிறது. நான் பின்னால் போனால் அவள் முன்னறைக்கு வந்துவிடுகிறாள். கல்யாணமான புதிதிலும் இப்படித்தான், என் அம்மாவுக்குப் பயந்துகொண்டு.

இதில் புத்தி எங்கே கெட்டது என்று உன் வக்கீலைக் கேள்.

உன் மாமா,
பரமேஸ்வரன்

*

பிரிக்பீல்ட்ஸ்
24.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விஷயம்.

ரிப்போர்ட்டின் நாலாவது பக்கத்தைத் தமிழில் சொல்கிறேன்: 'இந்த வீடு தனக்குச் சொந்தம் என்பதை இவர் அறியவில்லை. தன்னைக் குடித்தனக்காரராக நினைக்கிறார். வீட்டு உரிமையாளரான ஒரு பெண்மணியுடன் வசிப்பதாகவும், வீட்டை விற்க அவருடைய சம்மதம் வேண்டும் என்றும் சொல்கிறார்.'

யார் அந்தப் பெண்மணி என்று எனக்கு மண்டை வெடித்தது. எனக்குத் தெரியாத பெண்மணி கிள்ளானில் கிடையாதே. மத்தியானம் சோறு சாப்பிடும்போதுதான் புரிந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அந்தச் சென்னைப் பொண்ணு கேட்டிருப்பாள். நீங்கள் "நானும் வீட்டுக்காரம்மாவும்" என்றிருப்பீர்கள். வீட்டை விற்க வேண்டுமென்றால் என்று கேட்டிருப்பாள். "வீட்டுக்காரம்மா ஒத்துக்கணும்லா" என்றிருப்பீர்கள். பாவம், அவள் வாடகை வீட்டிலேயே வளர்ந்தவள் போலிருக்கிறது. அவளுக்கு வீட்டுக்காரம்மா என்றால் ஒன்றாம் தேதி வந்து கதவைத் தட்டுகிறவள். உங்களுக்கு மனைவி. அவள் தனக்குத் தெரிந்ததை இங்கிலீஷில் சொல்ல, டாக்டர் எழுதிக்கொண்டார். நான்கூடத்தான் என் புருஷனை வீட்டுக்காரர் என்கிறேன், அந்த மனிதர் பெயரில் ஒரு கோழிக்கூண்டு கிடையாது.

சிரித்துக்கொண்டே வாசு சாரிடம் ஓடினேன். "மொழிபெயர்ப்புத் தப்பு சார். திருத்திடலாமா?" அவர் சிரிக்கவில்லை. "திருத்தினா வீட்டுக்காரம்மான்னா பொண்டாட்டி. அந்தம்மா எப்ப இறந்தாங்க புஷ்பா?" என்றார்.

திருத்தாவிட்டால் தன் வீடு எது என்று தெரியாத கிழவர். திருத்தினால் இறந்த மனைவியோடு குடித்தனம் நடத்துகிற கிழவர். எப்படிப் பார்த்தாலும் அத்தான் பக்கம்தான் சாய்கிறது.

ஒரு வழி இருக்கிறது. நம் மறுப்பைப் பார்த்துவிட்டு நீதிபதி உங்களை இன்னொரு மருத்துவரிடம் அனுப்புவார். அவரிடம் நீங்களே சொல்ல வேண்டும்: நான் என் மனைவியைத்தான் சொன்னேன், பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது, அவள் இறந்துவிட்டாள், வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். இவ்வளவுதான் மாமா. அதுவரை கடிதத்திலும் அத்தையைப் பற்றி எழுதாதீர்கள், கடிதமும் சாட்சியாகிவிடும். உங்கள் போன இரண்டு கடிதங்களையும் கிழித்துப் போடப் பார்த்தேன். முடியவில்லை. அரிசி டின்னுக்கு அடியில் இருக்கின்றன.

உடம்பு எப்படி இருக்கிறது?

புஷ்பவல்லி

*

பிரிக்பீல்ட்ஸ்
21.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு நான் நேரில் வந்தபோதாவது பேசுவீர்கள் என்று பார்த்தேன். வடை சூடாக இருக்கிறது என்றீர்கள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை வீட்டில் வந்து சொன்னேன், அவர் நம்ப மறுக்கிறார்.

நீங்கள் நாற்காலியில் கண் அயர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. துணி நனையுமே என்று நான் பின்கட்டுக்கு ஓடினேன்.

சரி, அதை விடுங்கள். உங்களுக்காக நானும் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் நேற்று கையெழுத்துப் போட்டேன். தன் வேலையைத் தானே செய்துகொள்கிறார், மாத்திரை மறப்பதில்லை, பேப்பர் படிக்கிறார் என்றெல்லாம் இருக்கிறது. ஏழாவது பத்தி: 'அவர் தனியாக வசிக்கிறார். அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.'

மருத்துவரைப் பார்க்கும் நாள் ஜூன் இரண்டு. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போங்கள். பதில் எழுதுங்கள்.

புஷ்பவல்லி

*

கிள்ளான்
3.6.2025

புஷ்பாவுக்கு,

சுகம். மழை இல்லை.

நேற்று டாக்டரைப் பார்த்தேன். இவர் பெரிய டாக்டர், மலாய்க்காரர், மரியாதை தெரிந்தவர். என் காதுக்காகக் கேள்விகளைத் தாளில் எழுதிக் காட்டினார். எனக்குத் துறைமுகத்து மலாய் உண்டே, அதனால் நடுவில் யாரும் தேவைப்படவில்லை. வீடு யாருடையது என்றார். என்னுடையது என்றேன். பின்பக்கக் கூரையை மாற்றிய வருடம் வரைக்கும் சொன்னேன். வீட்டுக்காரம்மா விஷயத்தை விளக்கியதும் சிரித்துவிட்டார்.

மனைவி எங்கே என்று எழுதினார். இறந்துவிட்டாள் என்றேன். தேதியும் ஆஸ்பத்திரியும் கட்டில் எண்ணும் சொன்னேன்.

மனைவி இன்னும் வீட்டில் இருப்பதாக எப்போதாவது தோன்றுமா என்று எழுதிக் காட்டினார். வாய் வரவில்லை. பேனாவை வாங்கி, இல்லை, வீட்டில் யாரும் இல்லை என்று கீழே எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

நீ சொன்னபடி செய்துவிட்டேன்.

பரமேஸ்வரன்

*

பிரிக்பீல்ட்ஸ்
16.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நல்ல செய்தி. நேற்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். உங்கள் புத்தி தெளிவாக இருக்கிறது என்று அரசாங்க முத்திரையோடு சொல்லியாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் இந்த முத்திரை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எனக்குக் கிடைக்காது. வீடு உங்களுடையது, நீங்களும் உங்களுடையவர்.

வீட்டுக்காரம்மா கதையை வாசு சார் சொன்னபோது நீதிபதியின் உதடுகூட லேசாகத் துடித்தது. அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூட வந்த அவர் மனைவி குமுதா அக்கா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தான், "அப்பாவப் பாத்துக்க புஷ்பா" என்றார்.

மேல்முறையீடு செய்ய அவர்களுக்கு முப்பது நாள் இருக்கிறது, ஆகஸ்ட் பதினான்கு வரை. அதுவரை புதிதாக எதையும் கிளப்பாமல் இருங்கள். அதன் பிறகு கிள்ளானில் ஒரு கடை விடாமல் நண்டு சாப்பிடுவோம், என் சர்க்கரையை வாசலிலேயே நிறுத்திவிட்டு.

புஷ்பவல்லி

*

கிள்ளான்
27.7.2025

புஷ்பாவுக்கு,

வீடு என்னுடையது என்று எழுதியிருந்தாய். ஆமாம்.

டாக்டரைப் பார்த்து வந்த அந்த வாரக் கடைசியில் மழை பெய்தது. துணி நனைந்தது. அடுத்த மழைக்கும் நனைந்தது. சட்டி சத்தம் இல்லை. நான் முன்னறையில் இருந்தால் முன்னறையில் நான் இருக்கிறேன், பின்னால் போனால் பின்னால் நான் இருக்கிறேன். இந்த வீடு இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. ஐம்பத்தைந்து நாள் ஆகிறது.

வாயால் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் எழுதப் படிக்கத் தெரிந்தவள்.

அதனால் ஒரு வேலை செய். உன் ஆபீசில் சத்தியப் பிரமாணம் டைப் செய்வீர்களே, அதில் இப்படிப் போடு: 'பரமேஸ்வரனாகிய நான் தெளிவான புத்தியோடு சொல்வது. என் மனைவி சீதாலெட்சுமி இறந்துவிட்டாள் என்று நான் சொன்னது உண்மை. அவள் வீட்டில் இல்லை என்று எழுதிக் கொடுத்தது பொய்.' இரண்டே வரி. சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட நான் வருகிறேன்.

பரமேஸ்வரன்

*

பிரிக்பீல்ட்ஸ்
30.7.2025

மாமா,

நலம் விசாரிக்க நேரமில்லை. வராதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன். விழுந்தால் என்னைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அப்படியும் விழுகிறேன். அந்தத் தாள் அத்தான் பக்கத்து வக்கீல் கையில் கிடைத்தால் மேல்முறையீட்டில் முதல் பக்கமே அதுதான். வீடும் போகும், நீங்களும் போவீர்கள். இன்னும் பதினைந்தே நாள் மாமா.

நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். துணைக்கு நானும் இருக்கிறேன். புத்தாண்டு அன்று நான் பின்கட்டுக்கு ஓடினேன் என்று எழுதிப் பாதியில் நிறுத்தினேன் அல்லவா? கொடியில் ஒன்றுமே இல்லை. ஸ்டூலின் மேல் உங்கள் கைலி நாலாக மடித்திருந்தது, அதன் மேல் பனியன், அதன் மேல் துவாலை. தொட்டுப் பார்த்தேன், வெயில் சூடு இருந்தது. நீங்கள் காலையிலிருந்து முன்னறையை விட்டு நகரவில்லை. கிடைத்த செய்தியை மாலைக்குள் நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் தூக்கம் வராதவள் நான். இதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு ஆறாவது நாள்தான் ஏழாவது பத்தியின் கீழே கையெழுத்துப் போட்டேன்.

வராதீர்கள்.

புஷ்பவல்லி

*

பிரிக்பீல்ட்ஸ்
7.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? செவ்வாய்க்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்து, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, அந்த முழங்காலோடு எங்கள் ஆபீஸ் மாடிப் படியில் வந்து நிற்பீர்கள் என்று தெரிந்திருந்தால் நான் லீவு போட்டிருப்பேன். வாசு சார் தடுத்துப் பார்த்தார். "தெளிவான புத்தின்னு நீங்கதானே சார் வாதாடி வாங்கிக் கொடுத்தீங்க? தெளிவான புத்தி உள்ளவன் சொல்றான், டைப் பண்ணுங்க" என்றீர்கள். அவர் என் மேசையைக் கை காட்டினார். நானும் டைப் செய்தேன், மூன்று பிழையோடு.

கீழ்மாடி ஆணையர் முகமது ரஃபீக் அண்ணன் உங்களைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். "இதுல உள்ளது எல்லாம் உண்மைதானா அங்கிள்?" என்று அவர் உங்கள் காதில் கத்தினாரே, எங்கள் மாடிவரை கேட்டது. "இதுல உள்ளது மட்டும்தான் உண்மை" என்று நீங்கள் திருப்பிக் கத்தியது தெருவுக்கே கேட்டது. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் குத்தினாராம்.

அந்தப் பத்திரத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். இன்னும் ஒரு வாரம்.

இன்னொன்று. கேட்கக் கூடாது, கேட்கிறேன். அத்தை வந்தாரா?

புஷ்பவல்லி

*

பூச்சோங்
15.8.2025

புஷ்பவல்லிக்கு,

விஜயன் எழுதுகிறேன். நீயும் உன் கணவரும் நலமா? நான் தமிழில் கடிதம் எழுதி நாற்பது வருடம் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தது. பிழை இருந்தால் சிரிக்காதே.

போன வாரம் அப்பாவிடமிருந்து தபாலில் ஒரு கவர் வந்தது. உள்ளே முத்திரை குத்திய சத்தியப் பிரமாணம். வேறு கடிதம் எதுவும் இல்லை. மேலே என் முகவரி மட்டும், அவர் கையெழுத்தில். அதை உன் ஆபீசில்தான் செய்திருக்கிறீர்கள். நீ பயப்பட வேண்டாம்.

குமுதா படித்துவிட்டு, "இது ஒண்ணு போதும்ங்க, நாளைக்கே வக்கீல்கிட்ட கொடுங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். நான் அதை மேசை லாச்சியில் வைத்து மூடிவிட்டேன். நேற்று கடைசி நாள். நான் வேலைக்குப் போனேன். ஐந்து மணி ஆகும் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். பிறகு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா விழுந்துவிட்டார், அதனால்தான் வீட்டை விற்க நினைத்தேன் என்று கோர்ட்டில் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை. நான் எப்போது போனாலும் அப்பா, "சத்தம் போடாத லா, அம்மா பின்னாடி இருக்கா" என்பார். நான் பின்கட்டுக்குப் போய் நிற்பேன். அவருக்குக் கேட்பது எனக்குக் கேட்காது. என் காது நல்ல காது. ஒரு வாசனைகூட வராது. அம்மா உயிர் போனபோது நான் பெடரல் ஹைவேயில் ஜாமில் இருந்தேன், உனக்குத் தெரியும். ஆறு வருடமாக அந்தப் பின்கட்டில் நின்று பார்த்திருக்கிறேன். அப்பாவுக்குப் புத்தி சரியில்லை என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால் எனக்கு நிம்மதி கிடைக்கும் என்று நினைத்தேன். அங்கே யாரும் இல்லை என்று ஆகிவிடும். எனக்கு மட்டும் அம்மா வரவில்லை என்று ஆகாது.

இப்போது அப்பாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நானே போய்க் கேட்டால் கேஸுக்காகக் கேட்கிறேன் என்று நினைப்பார். நீ கேட்டு எழுது.

இந்த ஆறு வருடத்தில் அம்மா ஒரு தடவையாவது என்னைப் பற்றி விசாரித்தாளா?

விஜயன்